பதினோராம் இலக்கப் பட்டி

பெயர்: அம்பலவாணர் செல்வரட்ணம். வயது: 63. முகவரி: சென் ஜேம்ஸ் ரவுண், பத்தொன்பதாம் மாடி, ரொறன்ரோ. தொழில்: பள்ளிக்கூட வளவுகளில் நிற்கும் நகரும் வகுப்பறைகளை இறக்கி, மட்டம் பார்த்து, நிலத்தோடு கட்டுதல். இருபத்திரண்டு வருட அனுபவம். வாக்குமூலம் எடுத்த இடம்: ஸ்காபறோ, பொலிஸ் நிலையம். நவம்பர் 14, காலை 10.20. சொல்பவரின் விருப்பப்படி தமிழில் எழுதப்பட்டது.

எனது உரிமைகள் எனக்கு வாசிக்கப்பட்டன, விளங்கின. சட்டத்தரணி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், சொல்வதைச் சொன்னபடி எழுதத் தெரிந்த ஒருவர் போதும் என்றேன். அதன் பின் மொழிபெயர்ப்பாளர் வந்து என்னை அங்கிள் என்று கூப்பிட்டார். நான் அவருடைய அங்கிள் இல்லை, வேலையைப் பார்க்கும்படி சொன்னேன். இதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

நேற்று, நவம்பர் 13ஆம் திகதி பகல் ஒரு மணியளவில், ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் ஸ்ரீதரன் என்பவருடைய வீட்டுக் கராஜில் வைத்து, அவருடைய கைத்தொலைபேசியைப் பறித்துக் கொதிக்கும் எண்ணெய்த் தாச்சிக்குள் போட்டேன். எண்ணெய் தெறித்து அவருடைய வலது முன்கை வெந்தது. இது உண்மை. ஸ்ரீதரன் என் தங்கை யோகமலரின் கணவர். தங்கை ஒக்ரோபர் 14ஆம் திகதி புளோரிடாவில் சூறாவளியில் இறந்தாள். நேற்று அவளுடைய முப்பத்தோராம் நாள். அவளுடைய சாவுக்கு யார் பொறுப்பு என்பதுதான் தகராறு. பொலிஸ் அலுவலர் கராஜில் நடந்ததில் இருந்து தொடங்கச் சொன்னார். எண்ணெய்த் தாச்சியில் இருந்து தொடங்கினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது என்று மறுத்துவிட்டேன். அதன் பின் என் இஷ்டப்படி சொல்ல விட்டார்.

எனக்கு ஸ்ரீதரனைப் பிடிக்காது. முப்பத்தாறு வருடமாகப் பிடிக்காது. எதைச் செய்தாலும் பாதியில் விட்டுவிட்டு, மிச்சத்தை மற்றவன் செய்யவில்லை என்று சொல்கிற ஆள். ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

போன வருடம் தை மாதம் அவர்கள் குளிர்காலத்துக்கென்று புளோரிடாவின் மேற்குக் கரையில், ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் இருக்கும் ஒரு குடியிருப்பில், தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து இறக்கிய வீடு ஒன்றை வாங்கினார்கள். தங்கைக்கு முழங்கால் வருத்தம். ரொறன்ரோக் குளிரில் படி இறங்கமாட்டாள். வாங்க முன்பு என்னைத்தான் கேட்டாள். அது எந்த ஆண்டில் செய்த வீடு என்று பார்க்கச் சொன்னேன். தொண்ணூற்று நாலாம் ஆண்டுக்கு முன்பு செய்ததென்றால் வேண்டாம், அதற்குப் பின்புதான் காற்றுக்கான சட்டத்தை இறுக்கினார்கள் என்றேன். இது 2006இல் செய்த வீடு. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். காற்று வலயம் மூன்று என்று இருந்தது. கரையோரத்துக்கென்று செய்யும் ஆகக் கடுமையான வகை அதுதான். வாங்கலாம் என்றேன்.

அதன் பின் அந்த வருடம் பங்குனி மாதம் எனது விடுமுறையில் போய் ஒரு கிழமை நின்றேன். மற்றவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நான் நாலு நாள் வீட்டுக்கு அடியில் தவழ்ந்தேன். இப்படியான வீட்டுக்கு அத்திவாரம் கிடையாது. இரும்புச் சட்டத்தைக் கல் அடுக்குகள் தாங்கும். காற்று தூக்காமல் இருக்க, நிலத்துக்குள் நாலடி ஆழத்துக்கு முறுக்கி இறக்கிய நங்கூரங்களில் இருந்து தகட்டுப் பட்டிகள் வந்து சட்டத்தையும் சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும். அந்த வீட்டில் இருபத்தெட்டுப் பட்டிகள். ஆறு பட்டி தளர்ந்திருந்தன, இறுக்கினேன். இரண்டு நங்கூரம் துருப்பிடித்திருந்தன, அங்கே அனுமதி உள்ள ஒருவரைக் கூப்பிட்டு மாற்றுவித்தேன். அதன் பின் ஒவ்வொரு பட்டியிலும் மஞ்சள் பெயின்றால் ஒன்று முதல் இருபத்தெட்டு வரை இலக்கம் எழுதினேன். வேலையிலும் நான் அப்படித்தான் செய்கிறவன். யாராவது போனில் ஒரு பிரச்சினை சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி எத்தனையாம் இலக்கம் என்பதுதான். இலக்கம் தெரிந்தால் ரொறன்ரோவில் இருந்தே பதில் சொல்லலாம்.

பதினோராம் இலக்கம் வீட்டின் பின்பக்கச் சுவரில் இருந்து நேராக இறங்கி நிலத்துக்குள் போகும் பட்டி. அது சுவரைப் பிடிக்கிற பட்டி.

புறப்படுகிற அன்று மச்சான், உந்தத் தகரப் பெட்டிக்கு இவ்வளவு பாடோ என்று கேட்டுச் சிரித்தார். அந்த ஐப்பசியில் ஒரு சூறாவளி வருகிறதென்று குடியிருப்பை வெறுமையாக்கச் சொல்ல, அவர்கள் பதினொரு மணித்தியாலம் தெருவில் நின்று வடக்கே போய், மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு சாடி கூட விழுந்திருக்கவில்லை. மச்சான் அதைப் போனில் சொன்னபோது நான் சிரித்தது உண்மை. அது வேறு வருடம், வேறு காற்று. அதைக் கொண்டுவந்து இதற்குள் செருக வேண்டாம்.

அடுத்தது குசினி, அதாவது வெளிச் சமையலறை. எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் வீட்டுக்குள் மீன் பொரிக்க மாட்டார்கள். குளிர்க் கோட்டில் மணக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் வெட்கப்படும் என்று தொடங்கிய பழக்கம். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போன பின்பும் விடவில்லை. ரூஜ் வீட்டில் தங்கை கராஜுக்குள்தான் பொரிப்பாள், அரைப்பாள். புளோரிடா வீட்டில் கராஜ் இல்லை. ஆகவே முதல் வருட மார்கழியில் பின்பக்கம் ஒரு குசினி போட விரும்பினாள். பத்தடிக்குப் பதினாலடி, தகரக் கூரை, ஒரு காஸ் அடுப்பு. அதற்கும் என்னைத்தான் கேட்டாள்.

நான் மச்சானைப் போனுக்குக் கூப்பிட்டு மூன்று தரம் சொன்னேன். குசினி தன் சொந்தக் காலில் நிற்கவேண்டும், நாலு பக்கமும் தூண், வீட்டுச் சுவருக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, ஒரு ஆணிகூடச் சுவரில் ஏறக்கூடாது என்றேன். ஏனென்றால் இந்த வீடுகள் காற்றில் சாவது தங்களால் இல்லை. பின்னால் கொண்டுபோய் ஒட்டுகிற கார்க் கொட்டில், விறாந்தை, கொட்டகை இவற்றால்தான். காற்று அதன் கூரைக்கு அடியில் புகுந்து தூக்கும். அது போகும்போது தான் ஒட்டியிருக்கும் சுவரையும் கொண்டு போகும். சுவர் திறந்தால் காற்று உள்ளே வரும், அதன் பின் எந்த வீடும் நிற்காது. மச்சான் ஓம் ஓம் என்றார். அவர் ஓம் என்று இரண்டு தரம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொன்னபடிதான் கட்டினார். அதன் பின் மழை வந்தபோது அந்த ஒரு சாண் இடைவெளியால் தண்ணீர் சொட்டி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்து வெடித்திருக்கிறது. அதற்காக இந்த வருடம் தைமாதம் மச்சான் குசினிக் கூரையை நீட்டி, ஒரு பலகை வைத்து, எட்டு நீளத் திருகாணி போட்டு வீட்டுச் சுவரோடு பூட்டினார். இதை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று தங்கையையும் சொல்ல விடவில்லை. பிற்பாடு பதினோராம் இலக்கப் பட்டி குசினி வாசலில் இடைஞ்சலாக இருக்கிறதென்று இரும்பு அரியும் வாளால் <s>யாரையும் கேட்காமல்</s> வெட்டினார்.

இந்த வருடம் குளிர் முந்திவிட்டதென்று ஒக்ரோபர் முதல் கிழமையே போய்விட்டார்கள். ஒக்ரோபர் 13ஆம் திகதி காலை, குடியிருப்பின் பொறுப்பாளர் பேனாட் என்பவர் வீடு வீடாகப் போய் எல்லோரையும் பிற்பகலுக்குள் வெளியேறச் சொன்னார். பதினொரு மணிக்குத் தங்கை எனக்குப் போன் எடுத்தாள். நான் உடனே வெளிக்கிடச் சொன்னேன். எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும், லொறியில் வந்த வீட்டுக்குள் சூறாவளிக்கு இருக்கக்கூடாது, இதில் வாதாட ஒன்றும் இல்லை என்றேன். மச்சான் போனை வாங்கி, "நீங்கள்தானே வலயம் மூண்டு எண்டு பெருமை அடிச்சியள். போன முறை ஓடிப்போய் வர நீங்கள்தானே சிரிச்சியள்" என்றார். நான் தகாத வார்த்தை ஒன்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். அவர்கள் போகவில்லை.

அதன் பின் நடந்தவை நான் கண்டதல்ல, மச்சானும் பேனாட்டும் சொன்னவை. 14ஆம் திகதி பகல் இரண்டு மணியில் இருந்து காற்று ஏறியது. மூன்று மணிக்கு மின்சாரம் போனது. இருவரும் வீட்டின் முன்பக்கக் குளியலறைக்குள் மெத்தையைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். மூன்றே முக்காலுக்குக் காற்று கொஞ்சம் விட்டது போல இருந்ததாம். தங்கை பின்பக்கச் சமையலறைக்குள் தன் மருந்துப் பையை எடுக்கப் போனாள். அப்போது வெளிக் குசினியின் கூரை கிளம்பிப் போனது. போகும்போது பன்னிரண்டு அடி நீளத்துக்கு வீட்டுச் சுவரையும் பெயர்த்துக்கொண்டு போனது. உள்ளே வந்த காற்று குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளி விழுத்தியது. அவள் அதற்குக் கீழே கிடந்தாள். மச்சான் ஒரு கையால் தூக்கப் பார்த்ததாகச் சொன்னார். மற்றக் கை முறிந்திருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

செய்தி எனக்கு அன்று பின்னேரம் வந்தது. நானும் தங்கையின் மகள் நிலக்சியும் மறுநாள் விடிய என்னுடைய வான் வண்டியில் வெளிக்கிட்டு 16ஆம் திகதி மதியம் போய்ச் சேர்ந்தோம். நிலக்சி நேரே அம்மாவிடம் போகவேண்டும் என்றாள். பிரேத அறைக்குப் போகும் தெருவில்தான் அந்தக் குடியிருப்பும் இருந்தது. நான் வண்டியைத் திருப்பி அதற்குள் விட்டேன். இறங்கி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனேன். இரும்புச் சட்டத்தில் மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கல் அடுக்கு ஒன்றுகூட நகரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பட்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். இருபத்தேழு பட்டி வீணைக் கம்பி மாதிரி இறுக்கமாக நின்றன. பதினோராவது பட்டி வெட்டுப்பட்டு நிலத்தில் கிடந்தது. வெட்டு வாயில் துரு ஏறியிருந்தது, ஆகவே அது காற்று அறுத்ததல்ல, பல மாதத்துக்கு முன்பு ஆள் வெட்டியது. நிலக்சி வெளியே நின்று மாமா, மாமா என்று கூப்பிட்டபடியே இருந்தாள். நான் உடனே வெளியே வரவில்லை. நாற்பது நிமிடம் அங்கேயே கிடந்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். அவளுக்கு என்மீது இன்றும் ஆத்திரம். அவளுடைய ஆத்திரம் நியாயம்.

பேனாட் வந்து குடியிருப்பைச் சுற்றிக் காட்டினார். அங்கே அறுபத்துநாலு வீடுகள். எழுபதுகளில் செய்த பழைய வீடுகளில் ஒன்பது உருண்டு போயிருந்தன, சில இருந்த இடமே தெரியவில்லை. புதிய சட்டத்தின்படி செய்த ஒரு வீடுகூடக் கல்லை விட்டு நகரவில்லை. அவற்றில் உடைந்தவை எல்லாம் கார்க் கொட்டிலும் விறாந்தையும் ஒட்டிய இடத்தில்தான் உடைந்தன. மச்சானின் வீட்டுக்கு அடுத்த வீடு அதே வருடம், அதே தொழிற்சாலை. அதில் ஒரு கிழவி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். அவளுக்குப் பின்பக்கம் குசினி இல்லை. இதை எழுதச் சொல்வது ஏனென்றால் வீடு நல்ல வீடு. வீட்டில் பிழை இல்லை.

பட்டியின் வெட்டுப்பட்ட துண்டை, பதினொன்று என்று மஞ்சளில் எழுதியிருந்த பகுதியோடு, நான் எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்தேன். ஒன்றரை அடி நீளம். அதன் பின்தான் பிரேத அறைக்குப் போனோம்.

தங்கையின் உடல் ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டது. செத்தவீட்டில் சனம் பேசியது. தகரப் பெட்டி, கடதாசி வீடு, காற்றடித்தால் பறக்கிறதை நம்பிப் போனதுகள் என்று பேசியது. மச்சான் அதைத் திருத்தவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். வீடு வாங்கச் சொன்னது நான் என்றும், பட்டி இறுக்கியது நான் என்றும் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக நான் கட்டிய வகுப்பறைகளுக்குள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருந்து படிக்கின்றன. அதை ஒருவரும் நினைக்கவில்லை.

நேற்று முப்பத்தோராம் நாளுக்கு நான் பதினொன்றரை மணிக்குப் போனேன். ஏறக்குறைய ஐம்பது பேர் இருந்தார்கள். பூசை உள்ளே நடந்தது. சமையல் கராஜுக்குள். தங்கையின் அதே அடுப்பு, அதே பெரிய தாச்சி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வடை சுட்டுக்கொண்டு இருந்தார். பூசை முடிந்து ஆண்கள் கராஜுக்குள் மடக்குக் கதிரைகளில் வந்து இருந்தார்கள். ஒருவர், பெயர் தெரியாது, மச்சானின் வேலையிடத்து ஆள், உந்த வீடுகளைக் கனடாவில் என்றால் விற்கவே விடமாட்டார்கள் என்றார். மச்சான், எங்கடை காலம், சொல்லுறவையின்ரை சொல்லை நம்பிப் போனம் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் எழும்பி, கோட்டுப் பையில் இருந்த பட்டித் துண்டை எடுத்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். குசினியைச் சுவரோடு பூட்டியது யார், இதை வெட்டியது யார் என்று சபையில் கேட்டேன். வீடு அவளைக் கொல்லவில்லை, நீர்தான் கொன்றீர் என்று மச்சானைப் பார்த்துச் சொன்னேன். மச்சான் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். குசினியைப் பூட்டியது தான்தான், அது தன் பிழை, அதை நினைத்துத்தான் தனக்கு நித்திரை இல்லை என்றார். அதன் பின் சட்டைப் பையில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தார்.

"வெட்டினதும் நான்தான். ஏன் வெட்டினன் எண்டு நான் சொல்லேல்லை. அவரின்ரை வாயாலையே கேளுங்கோ" என்று சொல்லி, தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

நிலக்சி உள்வாசலில் நின்று, "அப்பா, டோன்ற். மாமா, ப்ளீஸ், ரெண்டுபேரும் நிப்பாட்டுங்கோ" என்றாள். நான் அந்தத் தொலைபேசியைப் பறித்துத் தாச்சிக்குள் போட்டேன். அது சீறிக்கொண்டு வெடித்தது. மச்சான் அதை எடுக்கத் தாச்சிப் பக்கம் கையை நீட்டியிருந்தார். எண்ணெய் அவருடைய கையில் பட்டது. வடை சுட்ட பெண்மீது படவில்லை. நான்தான் அடுப்பை நூர்த்தேன். கராஜின் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடிக்கு மச்சானைக் கொண்டுபோய்க் கையைப் பிடித்ததும் நான்தான். பொலிஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.

அவருடைய கையை எண்ணெயால் சுடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தொலைபேசிக்குள் என்ன இருந்தது என்று பொலிஸ் அலுவலர் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

மேற்படி வாக்குமூலம் பகல் 1.05 மணிக்கு மொழிபெயர்ப்பாளரால் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. குசினி பற்றிய இடத்தில், யாரையும் கேட்காமல் வெட்டினார் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் கேட்டேன், தந்தார்கள். அதன் பின் யாரையும் கேட்காமல் என்ற இரண்டு சொல்லையும் கோடு கீறி அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் முதலெழுத்துகளை வைத்தேன். தொலைபேசிக்குள் என்ன இருந்தது என்று தெரியாது என்றதும் பொய். கீழே உள்ளதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

இந்த வருடம் பெப்ரவரி 11ஆம் திகதி, காலை பத்து மணி இருக்கும், நான் ஸ்காபறோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வகுப்பறை ஒன்றுக்கு அடியில் கிடந்தேன். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிர். நங்கூரம் உறைந்த நிலத்துக்குள் இறங்காமல் இரண்டு மணித்தியாலமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். அப்போது தங்கை வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். "அண்ணை, குசினி வாசலடியிலை உங்கடை பட்டி ஒண்டு காலுக்குள்ளை தடக்குது. நேற்று எண்ணெய்ச் சட்டியோடை விழப் பாத்தன். இவர் வெட்டுவம் எண்டு வாளோடை நிக்கிறார். அண்ணையைக் கேக்காமல் தொடவேண்டாம் எண்டு நான் சொல்லிப்போட்டன். என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ" என்றாள். பின்னால் குருவிச் சத்தம் கேட்டது. அங்கே வெயில்.

நான் கையுறையைக் கழற்றினேன். விரல் விறைத்துப் போனது, அந்த எரிச்சலில் பதில் சொன்னேன். என் குரலில் இருப்பது இவ்வளவுதான்: "இருபத்தெட்டிலை ஒண்டு போனா வீடு பறக்காது. வெட்டிப்போட்டு என்னை விடு, பிள்ளை. நான் இஞ்சை குளிருக்குள்ளை கிடந்து சாகிறன்."

அவள் சரி அண்ணை என்று எழுதி அனுப்பினாள். அவள் அதை அப்படியே மச்சானுக்கும் அனுப்பியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய தொலைபேசி அந்த மழையோடு போய்விட்டது. அதோடு இதுவும் போய்விட்டதென்று நினைத்துத்தான் நேற்றுப் பட்டித் துண்டை மேசையில் வைத்தேன். மறந்துபோய் வைக்கவில்லை. ஒக்ரோபர் 16ஆம் திகதி வீட்டுக்கு அடியில் அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோதே எனக்கு நினைவு வந்தது. அந்த நாற்பது நிமிடமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

குசினியைச் சுவரோடு பூட்டியது எனக்குத் தெரியாது என்பது உண்மை. அது மச்சானின் பிழை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவள் கேட்டாள், நான் சொன்னேன், அவர் வெட்டினார். இலக்கம் எழுதினதே யாரும் கேட்டால் எத்தனையாவது என்று கேட்கத்தான். அன்றைக்குப் பதினொன்று என்று அவள் சொல்லியிருந்தால், அது சுவர்ப்பட்டி, தொடாதே என்று சொல்லியிருப்பேன். முன்பின் தெரியாத பள்ளிக்கூட வாசல்காவல்காரனிடம்கூட நான் கேட்கிற கேள்வி அது. என் தங்கையிடம் நான் இலக்கத்தைக் கேட்கவில்லை.

மச்சானின் தொலைபேசி எரிந்தது பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவளுடைய கேள்வியும் என்னுடைய பதிலும் என் தொலைபேசியிலும் இருக்கின்றன. அதைப் பூட்டுத் திறந்து மேசையில் வைத்திருக்கிறேன். நிலக்சி கேட்டால் அவளுக்குப் போட்டுக் காட்டலாம், என் அனுமதி உண்டு.

திருத்தத்தோடு இரண்டாம் முறையும் வாசிக்கக் கேட்டேன். இப்போது இதில் பொய் இல்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. பகல் 1.50.

(ஒப்பம்) அ. செல்வரட்ணம்